கிழக்கே தள்ளிப் போன பந்தல்

வாங்க சாமி, வாங்க. ரோட்டையே பாக்காதீங்க, பழனி எங்கயும் ஓடிறாது. செத்த உட்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம். அட, காலையில எட்டு மணின்னா என்ன? நடக்குற ஒடம்புக்கு எட்டு மணி என்ன, பன்னெண்டு மணி என்ன? அந்தப் பையை இப்பிடிக் குடுங்க. நான் பத்திரமா வச்சிருக்கேன், சாப்பிட்டு முடிச்சதும் தர்றேன்.

கையை விரிச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னேன்னு தப்பா நெனைக்காதீங்க. இப்பத்தான் ஒரு சாமி, "என்னாய்யா, இது அன்னதானமா வழிப்பறியா"ன்னு கேட்டுட்டுப் போனாரு. கேக்கட்டும். முருகனுக்குச் செய்யிறவன் நாலு பேச்சு வாங்கத்தான் செய்யணும். அவரும் ஒரு கரண்டி சோறு வாங்கிட்டுத்தான் போனாரு. விட்டுருவேனா?

இலையில தண்ணி தெளிச்சுக்கங்க. சாம்பாரு, கூட்டு, அப்பளம், வடை, பாயசம், எல்லாம் இருக்கு. அங்கிட்டு அண்டாவுல வெந்நி போட்டு, கல்லுப்பு கரைச்சு வச்சிருக்கேன். காலை முக்கி எடுத்தீங்கன்னா கொப்புளம் அமுங்கிரும். போனுக்கு சார்ஜ் போட இருபது பிளக் பாயிண்ட் இருக்கு. இந்தப் பழனி ரோட்டுல இத்தனை வசதியை வேற எங்க பாத்தீங்க, சொல்லுங்க. நான் பெருமைக்குச் சொல்லலை. பெருமையே எனக்கு ஆகாது. மேல பிளக்ஸைப் பாத்தீங்கல்ல? என் மூஞ்சி வேணாம்னுதான் சொன்னேன். பிளக்ஸ் அடிச்ச பய முருகனைச் சின்னதாப் போட்டு என்னையப் பெருசாப் போட்டுட்டான். அடிச்சதை என்ன பண்றது, கட்டிட்டேன்.

இந்த ஊரா? இல்ல சாமி. எங்க ஊரு செம்மாம்பட்டி. இங்கேருந்து மேக்க ஏழு மைலு. இது யாரோ ஒரு புண்ணியவானோட கடலைக் கொல்லை. கெஞ்சிக் கூத்தாடி ரோட்டோரமா இடம் வாங்கியிருக்கேன். சொந்த ஊரை விட்டுட்டு ஏழு மைல் தள்ளி வந்து எதுக்குச் சோறு போடுறேன்னு கேக்குறீங்க. அப்பிடிக் கேளுங்க. எவனும் கேக்க மாட்டேங்கிறான். எல்லாரும் சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவிட்டுப் போயிர்றாய்ங்க. நீங்க ஒருத்தருதான் கேட்டீங்க. அதுக்காகவே இன்னொரு வடை. சும்மா தின்னுங்க, வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது.

எங்கப்பாரு ஆரம்பிச்சது சாமி இது. எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல, ரோட்டோரம் ஒரு புளியமரம். ஒரு தை மாசம், தேவகோட்டைப் பக்கத்துல இருந்து நடந்து வந்த எளவட்டம் ஒருத்தரு அந்த மரத்தடியில மயங்கி விழுந்துட்டாரு. எங்கப்பாரு அறுப்புக்குக் கொண்டுபோன தூக்குச்சட்டியில இருந்து தயிர்ச்சோத்தை எடுத்து இலையில வச்சு ஊட்டிவிட்டிருக்காரு. அவருதான் வயிரவன். இன்னைக்கு நாப்பது பேரைக் கூட்டிக்கிட்டு நடக்குற வயிரவன் குருசாமி. அன்னையில இருந்து வருசா வருசம் அவரு கூட்டத்துக்கு மத்தியானச் சோறு எங்க புளியமரத்தடிதான். குருசாமி முத இலையில உட்காந்து ஒரு வாய் வைக்காம அந்த நாப்பது பேருல ஒருத்தரும் பச்சைத் தண்ணி தொட மாட்டாய்ங்க. அந்த முத இலையை எங்கப்பாரு கையாலதான் போடணும். அதுதான் எங்க குடும்பத்துக்கு மருவாதி. வேற என்னத்தைச் சேத்து வச்சாரு அவரு? ரெண்டரை ஏக்கரு, ஒரு கெணறு, இந்த முத இலை.

அப்பாரு செத்து ஏழு வருசமாச்சு. எனக்கு ஒரு தம்பி. வெள்ளைக்கண்ணுன்னு பேரு. பேருதான் வெள்ளை. அப்பாரு போனதுக்கு அடுத்த தை மாசம், குருசாமி வந்து மரத்தடியில உட்காந்தாரு. நான் மூத்தவன். இலை நான்தான போடணும்? நான் இலையை அலசி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவன் ஒரு இலையை விரிச்சுட்டான். அதுவும் எப்பிடி? நுனியை வலப்பக்கம் வச்சு! நான் என்ன பண்ணுவேன்? என் இலையையும் பக்கத்துலயே விரிச்சேன். ரெண்டு இலை. குருசாமி இதைப் பாத்தாரு, அதைப் பாத்தாரு, முருகா முருகான்னாரு, கைக்கு எட்டுன இலையில ஒரு பிடி சோத்தை எடுத்து வாயில வச்சாரு. அது தம்பி இலை. சரி, ஆனது ஆச்சு, இலையையாச்சும் நேராப் போடுவோம்னு நான் அதைச் சுத்தித் திருப்பினேன். நல்லதுக்குத்தான் திருப்பினேன். கொழம்பு பூராவும் குருசாமி மடியில போயிருச்சு.

சிரிக்காதீங்க. சூடு இல்ல, ஆறிப்போன கொழம்புதான்.

அன்னைக்கு அங்கனயே வாய்த்தகராறு ஆகிப்போச்சு. அந்த மாசமே பாகம் பிரிச்சோம். காட்டைப் பிரிச்சோம், வீட்டுக்கு நடுவுல சுவரு எடுத்தோம். புளியமரத்தையும் கெணத்தையும் பிரிக்க முடியாதுன்னுட்டாய்ங்க, பொதுவுல கெடக்கு. அன்னையோட அவன்கூடப் பேச்சு வார்த்தை இல்ல. நான் வம்புக்கு அலையிற ஆளு இல்ல சாமி. அவன் வந்து பேசுனா பேசுவேன். வரலை.

அடுத்த வருசம் தை பொறந்துச்சு. பாக்குறேன், மரத்துக்குக் கெழக்க அம்பதடி தள்ளி பச்சைத் துணியில பந்தல் போட்டுட்டான்! சாமிமாரு கெழக்க இருந்துதான வரணும்? அப்ப அவன் பந்தல்தான் முதல்ல வரும். குருசாமி முத இலை அவனுக்குப் போயிரும். போயிருச்சு. என் பந்தலுக்கு வந்தப்ப அவருக்கு ஏப்பம் வருது. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? பெத்த அப்பன் எலும்பைக் கரைச்ச ஒரு வருசத்துல.

அதுக்கு அடுத்த வருசம் நான் சும்மா இருப்பனா? அவனுக்கு முன்னால, ஊரு எல்லைக் கல்லுக்கிட்டப் போட்டேன். முத இலை எனக்கு. அடுத்த வருசம் அவன் அய்யனாரு கோயில்கிட்டப் போயிட்டான், ஒரு மைலு. நான் பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், ரெண்டு மைலு. அவன் ஓடைப் பாலத்துக்குப் போனான், மூணரை. போன வருசம் நான் அரிசி மில்லுக்குப் பக்கத்துல இடம் பிடிச்சேன், அஞ்சு மைலு. இன்னும் கொஞ்சம் சாம்பாரு ஊத்தட்டா? ஊத்துறேன். அவன் தயிர்ச்சோத்தோட புளியோதரை போட்டா நான் வடை போட்டேன். அவன் சுக்குக்காப்பி குடுத்தா நான் காலுக்கு எண்ணெய் தேய்ச்சுவிட ஆளு வச்சேன். அவன் மைக் செட்டு வச்சா நான் ரெண்டு மைக் செட்டு. எல்லாம் முருகனுக்குத்தான்.

இந்தப் போட்டியில ஒரே ஒரு சங்கடம். அப்பாரு காலத்துல அது பன்னெண்டு மணிச் சாப்பாடு. நாங்க கெழக்க தள்ளத் தள்ளப் பதினொன்னரை ஆச்சு, பதினொன்னு ஆச்சு, பத்து ஆச்சு. போன வருசம் ஒம்பது மணிக்கு வந்து நின்னுச்சு. இப்ப எட்டு. அதனால என்ன, சோறு சோறுதான? சில சாமிமாரு மூஞ்சியைச் சுளிக்கிறாக. பக்தி கொறைஞ்சு போச்சு சாமி ஜனங்ககிட்ட.

போன வருசக் கதைக்கு வர்றேன். நான் அரிசி மில்லுக்கிட்டப் பந்தக்கால் ஊன்றவரைக்கும் அவன் கம்முன்னு இருந்தான். விடிஞ்சு பாக்குறேன், எனக்குக் கெழக்க அரை மைல்ல பச்சைத் துணி பறக்குது! என் கண்ணுல மண்ணைத் தூவிட்டான். வயிறு எரிஞ்சு போச்சு எனக்கு. சரி, முத இலை போச்சுன்னு உட்காந்திருக்கேன். ஒம்பதே காலுக்கு அரோகரான்னு சத்தம். குருசாமி வந்தாரு. எழுபது வயசு, இன்னும் அந்த நடை. "சாமி, தம்பிகிட்ட ஆச்சா"ன்னேன். "இல்லப்பா, வயிறு மந்தமா இருக்கு. அவன்கிட்ட தண்ணி மட்டும் வாங்கிக்கிட்டேன். நீ கொஞ்சம் மோரு குடு"ன்னாரு. கூட வந்த நாப்பது பேரும் மோரைக் குடிச்சாய்ங்க, நடையைக் கட்டிட்டாய்ங்க. மூணு அண்டாச் சோறு ஆவி பறக்குது எனக்குப் பின்னால.

எனக்குச் சந்தேகம் தட்டிருச்சு. நாப்பது பேருக்குமா வயிறு மந்தம்? இது நடுவுல வேற எவனோ புகுந்துட்டான், புதுப் பந்தல் போட்டுட்டான். வண்டியை எடுத்தேன், பின்னாலயே போனேன். பாத்தா அவனும் வண்டியில வர்றான். அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பேச்சு இல்ல. ரெண்டு பேரும் உருட்டிக்கிட்டே போறோம். பள்ளிக்கூடத்துல நிக்கலை அவரு. அய்யனாரு கோயில்ல நிக்கலை. நேரா எங்க ஊரு. நேரா எங்க புளியமரம்.

அங்கன யாரு இலை போட்டுக்கிட்டு இருந்தாங்கறீங்க? என் பொண்டாட்டி வீராயி! பக்கத்துல சோத்துக் குண்டானோட நிக்கிறா என் தம்பி பொண்டாட்டி நாச்சி! நாங்க கட்டினது அக்கா தங்கச்சி சாமி, ஒரு வயித்துல பொறந்தவளுக. எங்களுக்குத்தான் பேச்சு இல்லையே ஒழிய, அவளுக சுவத்துக்கு மேல நின்னு பேசாத நாளு இல்ல. கத்திரிக்காப் புளிக்கொழம்பு, ரசம், மோரு. அவ்வளவுதான். வடை இல்ல, பாயசம் இல்ல, மைக்கு இல்ல, ஒரு பிளக்ஸ் இல்ல. சரியாப் பன்னெண்டு மணி. குருசாமி முத இலையில உட்காந்தாரு, முருகான்னு ஒரு பிடி எடுத்து வச்சாரு, அம்புட்டுப் பேரும் கை வச்சாய்ங்க. வயிறு மந்தம்னாரே, மூணு தடவை சோறு வாங்கினாரு.

துரோகம் சாமி. கட்டின பொண்டாட்டி பண்ணின துரோகம். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அந்தப் பக்கம் அவன் நிக்கிறான், இந்தப் பக்கம் நான் நிக்கிறேன். குருசாமி எங்களைப் பாத்துட்டாரு. "ரெண்டு பேரும் வாங்கப்பா, பந்தியில எடம் கெடக்கு"ன்னாரு. நான் போயிருப்பேன். சத்தியமாப் போயிருப்பேன். அவன் முதல்ல காலை எடுத்து வச்சிருந்தா நானும் வச்சிருப்பேன். அவன் வைக்கலை. நான் மூத்தவன், நான் எப்பிடி முதல்ல போறது? எளையவன் போகட்டும்னு நான் நின்னேன். பெரியவன் போகட்டும்னு அவன் நின்னான் போல. இந்த ரெண்டு பொம்பளைகளும் எங்களை ஏறெடுத்துப் பாத்தாளுக, குனிஞ்சு ரசம் ஊத்தப் போயிட்டாளுக. ஒரு வார்த்தை கூப்பிடலை.

உச்சி வெயிலு. அவனுக்குச் சர்க்கரை இருக்கு சாமி. நேரத்துக்குச் சாப்பிடணும். திடீர்னு தள்ளாடி மைல்கல்லைப் பிடிச்சான். என்னையும் அறியாம ஒரு எட்டு எடுத்து ரோட்டுல வச்சுட்டேன். அதுக்குள்ள அவனே நிமிந்துட்டான். நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கிட்டேன். யாரும் பாக்கலை.

அப்பிடியே நின்னோம். பந்தி முடிஞ்சுச்சு. இலையை மடக்குனாய்ங்க, விபூதி பூசினாய்ங்க, கெளம்பிட்டாய்ங்க. நான் வீட்டுக்குள்ள போயி, "சோறு போடு வீராயி"ன்னேன். "பந்தி முடிஞ்சுருச்சு. உனக்குத்தான் மூணு அண்டா இருக்கே, அங்க போயித் தின்னு"ன்னுட்டா. அஞ்சு மைலு திரும்பி வந்தா சோறெல்லாம் கெட்டுப்போயி நொரைச்சுக் கெடக்கு. எனக்கு மட்டுமா, அவனுக்கும் அதே கதிதான். பழனி ரோட்டுல அத்தனை ஆயிரம் பேரு நடந்த அன்னைக்கு, பட்டினி கெடந்தது நாங்க ரெண்டே பேருதான்.

இதுல இருந்து எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு சாமி. அஞ்சு மைல் பத்தலை. குருசாமிக்கு யோசிக்க நேரம் குடுத்துட்டோம். அதான் இந்த வருசம் ஏழு மைல் வந்துட்டேன். காட்டுல கதிரு முத்திச் சாஞ்சு கெடக்கு, மணி கொட்டுது. அறுக்க ஆளு பாக்கணும். தைப்பூசம் முடியட்டும்னு விட்டுட்டு வந்திருக்கேன். வீராயி ஏன் போறேன்னும் கேக்கலை, எப்ப வருவேன்னும் கேக்கலை. அடுத்த வருசம் பேசாமத் தேவகோட்டைக்கே போயி, அவரு வீட்டு வாசல்லயே பந்தலைப் போட்டுறலாம்னு இருக்கேன். செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி முத இலை!

பாயசம் குடிச்சீங்களா? குடிங்க. குடிச்சுக்கிட்டே ஒண்ணு சொல்லுங்க. நீங்க கெழக்க இருந்துதான வர்றீங்க? வர்ற வழியில பச்சைத் துணி கட்டின பந்தல் எதையும் பாத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தண்ணிப் பந்தல், மோர்ப் பந்தல், எதுவா இருந்தாலும் சரி. பச்சைத் துணி.

இல்லையா.

நீங்களும் இல்லைங்கிறீங்க. காலையில இருந்து முப்பது பேரை மறிச்சுக் கேட்டுட்டேன். ஒருத்தரும் பாக்கலை. நான் இங்க கால் ஊன்றி மூணு நாளாச்சு. அவனுக்குச் சேதி போகாம இருக்குமா? இந்நேரம் எனக்குக் கெழக்க அரை மைலாச்சும் போயிருக்கணும். அவன் பந்தல் சாமானெல்லாம் டிராக்டர்லதான் வரும். நேத்து பொழுதன்னைக்கும் டிராக்டர் சத்தம் கேக்குதா, டிராக்டர் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டே உட்காந்திருந்தேன். ரெண்டு டிராக்டர் போச்சு. ரெண்டும் கரும்பு.

அப்ப நான்தான் முதல். குருசாமி இன்னும் அரை மணி நேரத்துல வந்துருவாரு. எனக்கு முன்னால ஒரு பய இல்ல. ஏழு வருசமா இதுக்குத்தான நாயா அலைஞ்சேன்? நெஞ்சு குளுந்து கெடக்கணும்ல? ஒரு மண்ணும் இல்ல சாமி. அவனுக்கு அந்தச் சர்க்கரை எதுவும் முத்திப் போச்சோ என்னமோ. படுத்துட்டானோ என்னமோ. போன் நம்பர் இருக்கு என்கிட்ட. ஏழு வருசமா அழிக்கலை. எடுத்து எடுத்து வைக்கிறேன். அடிச்சு என்னன்னு கேக்குறது? ஏன்டா என்னை இன்னும் முந்தலைன்னா கேக்க முடியும்? அவன் இல்லாம அந்த முத இலையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?

சாமி, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. மத்தியானம் நீங்க எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். ரோட்டுக்குத் தெக்கால ஒட்டினாப்புல ரெண்டு வீடு இருக்கும். அதுல பச்சைப் பெயிண்ட் அடிச்சது அவன் வீடு. கதவு பூட்டியிருந்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பாக, இந்தத் தாள்ல என் நம்பர் இருக்கு, உடனே ஒரு போனு அடிங்க. நான் எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடியாந்துருவேன். பூட்டலைன்னா, நேரா எதுத்த புளியமரத்துக்குப் போங்க. அந்த ரெண்டு பொம்பளைகளும் இலை போட்டுக்கிட்டு இருப்பாளுக. அவன் அங்கன நிக்கிறானான்னு பாருங்க. குட்டையா இருப்பான், நெத்தி நெறைய விபூதி, வலது கையில கடிகாரம். நான் விசாரிச்சேன்னு மட்டும் சொல்லிறாதீங்க.

நின்னான்னா உங்களை விட மாட்டான். கையைப் பிடிச்சு உட்கார வச்சு, சாப்பிட்டீங்களான்னு கேப்பான். சாப்பிட்டேன்னு சொல்லிறாதீங்க சாமி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். பசி உயிரு போகுதுன்னு சொல்லுங்க. ஏழு மைலா ஒரு பாவியும் ஒரு வாய் சோறு தரலைன்னு சொல்லுங்க. அவன் மூஞ்சி எப்பிடி மலரும்னு மட்டும் பாருங்க. சின்னதுல இருந்தே அப்பிடித்தான், யாராச்சும் பசிக்குதுன்னா போதும், அவனுக்குக் கால் தரையில நிக்காது. ரெண்டு வாயாச்சும் தின்னுருங்க. முடியலைன்னா மெதுவா மென்னுக்கிட்டே இருங்க, அவன் கண்டுக்க மாட்டான்.

குருசாமிக்கு நான் மோரைக் குடுத்து அனுப்பிர்றேன். சோறு அடிப்பிடிச்சிருச்சுன்னு சொல்லிக்கிறேன். அவரு எப்பவும் போல மத்தியானம் மரத்தடியில சாப்பிட்டுக்கட்டும். தம்பிக்காக இல்ல சாமி, எழுபது வயசு மனுசருக்கு எட்டு மணிக்குச் சோத்தைப் போட்டா ஒத்துக்காதுல்ல, அதுக்காகத்தான்.

இந்தாங்க உங்க பை. பொறுங்க, அப்பிடியே கெளம்பாதீங்க. அந்தத் தொட்டிக்கிட்ட சோப்பு இருக்கு, கையை நல்லா ரெண்டு தடவை தேய்ச்சுக் கழுவுங்க. வாயையும் கொப்பளிச்சுக்கங்க. இந்தச் சாம்பாரு எங்க ஆத்தா பக்குவம். மோந்தான்னா கண்டுபிடிச்சிருவான்.